காயலான் கடையிலிருந்து ஒரு நீராவிக் காலத்துச் சைக்கிள்

பழைய சைக்கிள் ஒன்றை 'ஸ்டீம்பங்க்' பாணியில், அதாவது நீராவிக் காலத்து வண்டி மாதிரி, மாற்றப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அலங்காரத்துக்காக ஃபிரேமில் பல்சக்கரம் ஒட்டாதீர்கள்.

நானும் ஒட்டினவன்தான். பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த பித்தளைச் சக்கரங்கள் ஏழெட்டைச் செயின் கவரில் பசை போட்டு ஒட்டி, தெருவில் ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது வேகத்தடையில் ஒன்று கழன்று போக்ஸ் கம்பிக்குள் விழுந்தது. கம்பி இரண்டு போயிற்று, முழங்கால் தோலும் போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது சைக்கிள் கடைப் பெரியவர் மீதிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எதுக்கு தம்பி சுத்துது?" எதற்கும் சுற்றவில்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். வேலை செய்யாத எதையும் வண்டியில் மாட்டுவதில்லை. கீழே வரும் எல்லாம் அந்த விதியிலிருந்துதான் வருகிறது.

'ஸ்டீம்பங்க்' என்ற பெயர் 1987இல், அமெரிக்காவில் ஒரு எழுத்தாளர் பாதி விளையாட்டாக வைத்தது. பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் வராமல், நீராவிக் காலத்துப் பித்தளையும் தோலும் வார்ப்பிரும்புமே தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்கிற கற்பனை அது. சைக்கிளுக்கு இந்தக் கற்பனையே வேண்டியதில்லை. இரண்டு சக்கரமும் ஒரே அளவில், செயின் பின்சக்கரத்தை இழுக்கும் வடிவத்தை ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1885இல் கொண்டுவந்தார். காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கொண்டுவந்தார். அந்த வண்டியின் நேர் வாரிசுதான் நம் ஊர்த் தபால்காரரும் பால்காரரும் ஓட்டிய கறுப்புப் பார் சைக்கிள். 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோது செய்யத் தொடங்கிய வண்டிகளும் இந்தக் குடும்பம்தான். ஆக, பழைய தோற்றம் வேண்டுமென்றால் புது வண்டிக்கு வேஷம் போடத் தேவையில்லை. ஏற்கெனவே பழையதாக இருப்பதைத் தேடிப் பிடித்தால் போதும்.

எந்த வண்டியை எடுப்பது

ராடு பிரேக் உள்ள பார் சைக்கிள். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஹேண்டில் பாரிலிருந்து கம்பிகளும் முழங்கை மாதிரி மடிந்த லீவர்களும் சக்கரம்வரை போகும் அந்த அமைப்பு, கண்ணுக்கு முன்னால் இயங்கும் இயந்திரம். நீங்கள் ஆயிரம் ரூபாய் செலவழித்து ஒட்டும் எதுவும் அதற்கு ஈடாகாது.

காயலான் கடைகளில் இந்த ஃபிரேம்கள் எடைக்குக் கிடக்கும். கிராமத்துச் சைக்கிள் கடைகளின் பின்சுவரோரம் இன்னும் நன்றாகக் கிடைக்கும். எடுக்கும்முன் நூலைக் கொண்டு போங்கள். பின்சக்கரம் மாட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னால், ஹேண்டில் நுழையும் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் கோணியிருக்கிறது, விட்டுவிடுங்கள். பிறகு ஹெட் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். அங்கே புடைப்பு தட்டுப்பட்டால் வண்டி எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தால், கீழே இரும்பும் வெடித்திருக்கலாம். ஃபோர்க் முறிந்தால் பல் போகும், அதனால் சந்தேகம் வந்தாலே வேண்டாம்.

நீங்கள் எடுத்தது இங்கிலாந்துக் கம்பெனியான ராலேயின் வண்டி என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற கம்பெனிகளின் பெடல் அச்சு கப்பில் (அச்சின் குண்டுகள் உருளும் கிண்ணம்) மரை அங்குலத்துக்கு 24. பழைய ராலேயில் 26. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், முறுக்கினால் பாதியில் பிடித்துக்கொண்டு ஃபிரேமின் மரையையே தின்றுவிடும். பழைய கப்பை எறியாமல் வைத்திருங்கள்.

இன்னொன்று, இது என் பிடிவாதம். முன்பேட்ஜ், எழுத்து, செயின் கவர், விளக்கு எல்லாம் அப்படியே இருக்கும் இங்கிலாந்து வண்டி கையில் கிடைத்தால் அதை வெட்டி ஒட்டாதீர்கள். துடைத்து, எண்ணெய் போட்டு, அப்படியே ஓட்டுங்கள். நம் வேலைக்கு வேண்டியது பேர் தெரியாத, பாதி பாகம் இல்லாத அனாதை ஃபிரேம்.

பிரிப்பது

செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். குறிப்பாக ராடு பிரேக் கம்பிகள் எந்த ஓட்டை வழியாகப் போகின்றன என்பது, பிரித்த மறுநாளே மறந்துபோகும். கழற்றியதைக் கொட்டாங்குச்சிகளில் தனித்தனியாகப் போட்டு, பேர் எழுதி வையுங்கள்.

இடது பெடலுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். செயின் பக்கத்து பெடல் அச்சு கப்பும் அப்படியே, அதுவும் இடது மரை. அந்தக் கப்பில் குழி விழாமல் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம், உள்ளேயே வைத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் காட்டர் பின். கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் இரும்புக் கையை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பியை எப்படியாவது அடித்துத் தள்ள வேண்டும் என்று சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால், அது உள்ளுக்குள் காளான் மாதிரி விரிந்து இன்னும் இறுகிவிடும். முறை இது: முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனியும் நட்டின் மேல்முகமும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்கின் அடியில், பின்னுக்கு வழிவிட்டு, தரையில் ஊன்றிய கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். பிறகு பெரிய சுத்தியலால் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகமெல்லாம் பால்ரஸ்ஸுக்கும் கப்புக்கும் போய் அங்கே குழி விழும். வெளியே வந்த பின்னைத் திரும்பப் போட வேண்டாம், புதியது வாங்குங்கள். பழையதை மாதிரிக்குக் கடைக்குக் கொண்டு போங்கள், இதில் தடிமன் வித்தியாசம் உண்டு.

பால்ரஸ்ஸை எண்ணிக்கொள்ளுங்கள். பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று, கால் அங்குலக் குண்டுகள். முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின்சக்கரத்தில் ஒன்பது என்பது வழக்கம். ஒன்று கூடுதலாகப் போட இடம் இருக்கிற மாதிரி தெரியும். போடக் கூடாது, அந்த இடைவெளி இருந்தால்தான் குண்டுகள் உருளும். புதுக் குண்டு, புது கிரீஸ், இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் இந்த வேலைக்கு 'ஓவர் ஆயில்' என்று பேர். ஆங்கில 'ஓவர்ஹால்' காதில் விழுந்து திரிந்த சொல். எண்ணெய் நிறைய விடும் வேலைதானே, திரிந்ததும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

துரு

குரோம் பூச்சின் மேல் இருக்கும் துருவுக்கு, சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். வியப்பாக இருக்கும். ஆழமான துருவுக்கு ஆக்சாலிக் அமிலத் தூள், லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு ராத்திரி. கையுறை போடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள், விஷம். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறுபடியும் செம்மண் நிறம் ஏறிவிடும்.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். துருவை நொடியில் தின்னும், கூடவே குரோமையும். போக்ஸ் கம்பி, சீட் ஸ்பிரிங் போன்ற முறுக்கேறிய எஃகைப் பொடிந்துபோகிற மாதிரி ஆக்கிவிடும்.

பாகங்களுக்குப் புதுப் பூச்சு போடக் கொடுப்பதாக இருந்தால் ஒரு யோசனை. பளபளக்கும் குரோம் சைக்கிளுக்கு வந்தது 1920களின் கடைசியில்தான். அதற்கு முன் இருந்தது நிக்கல். பூச்சுப் பட்டறையில் குரோமுக்கு அடியில் எப்படியும் நிக்கல் போடுவார்கள். "நிக்கலோட நிறுத்திடுங்க" என்று சொன்னால் போதும். குரோமின் நீலச் சாயல் இல்லாமல், கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாக வரும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் வண்டி ஐம்பது வருஷம் பின்னால் போய்விடும்.

பெயின்ட்டும் தங்கக் கோடும்

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், முகமூடியோடு. இரும்பு வெளிப்பட்ட அன்றே ரெட் ஆக்சைடு பூச்சு. காய்ந்ததும் குழிகளில் பட்டி, மறுபடி 400 நம்பர் பேப்பர், பிறகு நிறம். மரை உள்ள இடங்களைத் துணியால் அடைக்க மறக்க வேண்டாம்.

நிறம் கறுப்பு. கரும்பச்சையும் அரக்கும் கூடப் பொருந்தும். நீலத்தில் ஒரு தடவை முயன்று கெடுத்திருக்கிறேன். 'டூகோ' அடிக்கிற கடையில் கொடுத்தால் வழவழப்பாக வரும். நீங்களே தூரிகையில் எனாமல் அடித்தாலும் கெட்டுப்போகாது. இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு கனமான பூச்சைவிட நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக் காற்றில் மேற்பரப்பு பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும். பங்குனி வெயில்தான் பெயின்ட்டுக்கு.

பழைய தோற்றத்தில் முக்கால் பங்கு லைனிங்தான். குழாய்களின் மேல் ஓடும் அந்த மெல்லிய தங்கக் கோடு. ராயல் என்ஃபீல்டின் சென்னைத் தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்கின் கோடுகளை நெடுங்காலம் கையாலேயே போட்டுவந்தார்கள், டேப் இல்லை, அச்சு இல்லை. நமக்கு அந்தக் கை வராது, ஆனால் அந்தத் தூரிகை கிடைக்கும்: மயிர் நீளமாகவும் காம்பு குட்டையாகவும் இருக்கும். ரகசியம் என்னவென்றால், தூரிகையை எழுதுகோல் மாதிரிப் பிடித்து வரையக் கூடாது. மயிரை முழுக்க பெயின்ட்டில் தோய்த்து, குழாயின் மேல் படுக்க வைத்து, சுண்டுவிரலைக் குழாயின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் பழகுங்கள், தின்னரால் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போடலாம். என் கோடுகள் இன்னும் நடுங்குகின்றன. ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட நடுங்கின கோடு மேல்.

பித்தளையும் செம்பும்

வேலை செய்யும் அலங்காரம் என்று சொன்னேனே, அது இங்கேதான் தொடங்குகிறது. பித்தளைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஏற்றுமதிச் சாமான் கடைக்குப் போகாதீர்கள். பாத்திரக் கடையில் பழைய பித்தளை எடைக்குக் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு நாள் முழுக்கக் கிண்டலாம். விலை கேட்கும்போது சைக்கிளுக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முன்விளக்கு. கும்பகோணம் பித்தளை டபரா டம்ளர் ஒரு செட் எடுங்கள், நசுங்கினதாக இருந்தால் மலிவு. டபராவின் அடியில், டம்ளரின் உடல் நுழையும் அளவுக்கு, ஆனால் அதன் விளிம்பு நுழையாத அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். டபராவின் வாய்ப்பக்கத்திலிருந்து டம்ளரைச் செருகினால் டம்ளரின் விளிம்பு அந்த ஓட்டையில் தங்கி நிற்கும். அங்கே சுற்றிலும் ஈயப் பற்று வையுங்கள். டம்ளர் விளக்கின் உடல், டபரா அதன் முன்வாய். டம்ளரின் உள்ளே எல்.இ.டி. டார்ச்சின் தலைப்பகுதியை ரப்பர் வளையத்தில் உட்கார வைக்கலாம். டபராவின் உள்ளே ஈயம் பூசியிருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், அந்த வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தை முன்னால் தள்ளும். வாய்க்கு மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் வட்டம். பார் சைக்கிளின் ஹெட் குழாய்க்கு முன்னால் விளக்கு மாட்டும் தகடு ஒன்று ஏற்கெனவே இருக்கும். அந்தக் காலத்தில் அங்கே தொங்கியது மண்ணெண்ணெய் விளக்கு அல்லது கார்பைடு விளக்கு: கால்சியம் கார்பைடு கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். பழைய கார்பைடு விளக்கு கிடைத்தால் அதன் கூட்டுக்குள்ளும் எல்.இ.டி. வைக்கலாம். கல் போட்டு எரித்துப் பார்க்க ஆசை வந்தால் வீட்டுக்குள் வேண்டாம்.

மின்சாரம். பக்கவாட்டு டைனமோ இருந்தால் வேடிக்கை அதிகம், டயரில் உரசி ஓடும் அந்தச் சத்தமே நீராவிக் காலத்துச் சத்தம். வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட், மாறுமின்சாரம். எல்.இ.டி.க்கு நேரடியாகக் கொடுக்க முடியாது, நடுவில் நான்கு டயோடு வைத்த பிரிட்ஜ் வேண்டும். ஒரே ஒயர்தான் விளக்குக்குப் போகும், திரும்பி வரும் பாதை ஃபிரேமே. புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியாததற்கு இதுதான் காரணம்: டைனமோ கிளாம்பில் ஒரு கூர்முனைத் திருகு இருக்கும், அது பெயின்ட்டைக் குத்தி இரும்பைத் தொட வேண்டும். வண்டி நின்றால் விளக்கும் நிற்கும், அது பிடிக்காதவர்கள் பேட்டரி வைக்கலாம்.

பேட்டரிக்கு வெற்றிலைச் செல்லம். பின்கேரியருக்கு முன்னால், சீட் குழாயோடு பட்டையில் கட்டினால் அதற்கென்றே செய்த மாதிரி உட்காரும். மூடி, கீல், கொக்கி எல்லாம் தயாராக இருக்கிறது. உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல், சார்ஜிங் போர்டு, ஒரு ஃபியூஸ். செல்லத்தின் உட்பக்கம் முழுக்க ரப்பர் ஷீட் ஒட்டுங்கள், பித்தளைப் பெட்டிக்குள் லித்தியம் செல் உராய்ந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பாக்கு வைக்கும் குழிகளில் பஞ்சர் சாமான். பாட்டி பயன்படுத்திய செல்லத்தை மட்டும் ஓட்டை போடாதீர்கள், நசுங்கினது ஒன்று தேடுங்கள்.

ஒயரை மறைக்க வேண்டாம், செம்புக் குழாயில் விட்டுக் காட்டுங்கள். ஏ.சி. மெக்கானிக்கிடம் கால் அங்குலக் குழாயின் துண்டுகள் மிஞ்சிக் கிடக்கும். மெல்லிய மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வளைத்தால் நசுங்காது. வளைய மறுத்தால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் எஃகு இறுகும், செம்பு இளகும். குழாயின் வாயில் பிசிறை அராவிவிட்டு ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் ஒயரின் தோலை அறுத்துவிடும். ஃபிரேமோடு இறுக்கும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபின் துண்டை இடையில் வையுங்கள். செம்போ பித்தளையோ இரும்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், துருப்பிடிப்பது இரும்புதான். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கீழ்க் குழாயில் கிளிப் போட்டு மாட்டலாம், செயினுக்கு. பிரஷர் மீட்டர் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் கை பம்ப்பில் மாட்டுங்கள். முள் ஆடும், டயரில் எவ்வளவு காற்று என்றும் தெரியும். ஹேண்டிலில் செத்த மீட்டரை மாட்டிவிட்டு யாராவது "என்ன காட்டுது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பழைய ஆட்கள் வீட்டில், அந்தக் காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்து கொடுத்த லைசென்ஸ் வில்லை கிடந்தால் கேட்டு வாங்கி முன்னால் மாட்டுங்கள். அதற்கு மட்டும் என் விதியில் விலக்கு.

பித்தளையைப் பழசாக்க நிறையப் பேர் அம்மோனியா புகையில் வைக்கச் சொல்வார்கள். அழகான பழுப்பு வரும் என்பது உண்மை. ஆனால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வளைத்து, தட்டி, இறுக்கத்தோடு இருக்கும் பித்தளையை அம்மோனியா உள்ளுக்குள் பிளக்கும். விளக்குக் கூட்டுக்கு வேண்டுமானால் செய்யுங்கள், பாரம் தாங்கும் எதற்கும் வேண்டாம். உப்பும் வினிகரும் தடவி இரண்டு நாள் மூடி வைத்தாலே போதுமான அழுக்கு ஏறும். பிடிக்கவில்லை என்றால் புளி இருக்கிறது. அதேபோல், ஹேண்டில், கிராங்க், அச்சு, பிரேக் இந்த நான்கிலும் பித்தளை போல்ட் போடாதீர்கள். அங்கே எஃகு மட்டும்.

தோல்

ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிக்கும் தோலுக்கு 'ஈஸ்ட் இண்டியா லெதர்' என்று உலகமெங்கும் பேர். அது தமிழ்நாட்டுச் சரக்கு. கேட்டு வாங்க வேண்டியது அந்த வகையைத்தான். குரோமியத்தில் பதனிட்ட தோல் நனைத்தாலும் வடிவம் பிடிக்காது, வெட்டின விளிம்பில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

முழுத் தோலில் தொங்கும் சீட் செய்வது அடுத்த வண்டிக்கு இருக்கட்டும். முதல் தடவை, ஸ்பிரிங் வைத்த பழைய சீட்டின் ரெக்சினை உரித்துவிட்டு அந்தத் தகட்டின் மேல் தோல் போர்த்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, தகட்டின் மேல் இழுத்து, நூலால் சுற்றிக் கட்டி, நிழலில் இரண்டு நாள். வெயிலில் வைத்தால் அப்பளம். காய்ந்ததும் ஓரங்களில் செம்பு ரிவெட் அடியுங்கள். கைப்பிடிகளுக்கு இரண்டு மில்லிமீட்டர் தோல், மெழுகு நூல், இரண்டு ஊசித் தையல். தையல் அடிப்பக்கம் வரட்டும்.

சக்கரம், பிரேக், கட்டுமானம்

டயர் வாங்கும்போது ஏமாறுவது சுலபம். பார் சைக்கிளின் 28 × 1½ டயரில் பொடி எழுத்தில் 40-635 என்று இருக்கும். இப்போதைய ரேஸ் வண்டிகளின் சக்கரம் 622. அதையும் சிலர் 28 என்றே சொல்வார்கள். 26லும் இதே குழப்பம்: 26 × 1⅜ என்றால் 590, மலைச் சைக்கிளின் 26 என்றால் 559. பெரிய எண்ணை நம்பாதீர்கள், இந்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பழைய தோற்றத்துக்குச் சந்தன நிற டயர் கிடைத்தால் போடுங்கள், அது வெறும் நாகரிகம் இல்லை. டயரில் கரித்தூள் சேர்க்கத் தொடங்கும்வரை ரப்பர் வெளிறின நிறத்தில்தான் இருந்தது.

பழைய சக்கரங்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. கம்பி மாற்றலாம், ஆனால் கோட்டம் எடுப்பதை முதல் வண்டிக்குக் கடைப் பெரியவரிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கம்பிகளை விரலால் தட்டி ஓசை கேட்பார், அதைக் கவனியுங்கள்.

ரிம்மை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்தும், அதற்கென்றே வளைந்த ரிம் அது. சாதா ரிம் போட்டால் கட்டைக்குப் பிடிக்க இடமே இருக்காது. பிரேக் கட்டை உட்காரும் கூட்டில் ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருந்தால், சக்கரம் சுழன்று போகும் திசையில் மூடின முனை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் அவசர பிரேக்கிலேயே கட்டை பறந்துவிடும். நன்றாகக் கட்டின ராடு பிரேக்கும் மழையில் பாதிதான் பிடிக்கும். இதற்கு மருந்து இல்லை, மெதுவாகப் போவதுதான்.

காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் பின்னின் சரிவை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அராவிப் பாருங்கள். அடித்து உட்கார வைத்த பிறகுதான் நட்டு. நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும்.

செயினை நடுவில் தூக்கிப் பார்த்தால் 12 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்கட்டும். வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், அதன் மேல் பித்தளையும் ஏற்றியிருக்கிறோம். முன் பல் 44, பின் பிரீவீல் 18 என்றால் மேட்டில் மூச்சு வாங்கும். 20 பல் பிரீவீல் போட்டால் வேகம் சற்றுக் குறையும், கால் தப்பிக்கும். கியர் வேண்டுமென்றால், செயினைப் பல்லுக்குப் பல் தாவவைக்கும், வெளியே தொங்கும் டீரெய்லர் கியர் பார்க்கவே ஒட்டாது. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுக் குடம்) பழையது எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். எல்லாப் பல்லும் ஹப்புக்குள்ளேயே இருக்கும், அச்சிலிருந்து ஒரு குட்டிச் சங்கிலி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் கம்பெனி 1902இலிருந்து இதைச் செய்கிறது. நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கியர் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பது

முதல் நாள் வீட்டுத் தெருவுக்குள்ளேயே. முன்பிரேக் தனியாக, பின்பிரேக் தனியாக. பிறகு முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள், நழுவக் கூடாது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் வையுங்கள், எவ்வளவு பழைய தோற்றமானாலும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள், காட்டர் பின்னை முதலில். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்றால் அச்சைப் பிரிக்க ஓடாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை அது இடது பக்கப் பின். அப்படியே ஓட்டினால் கிராங்கின் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும், பிறகு எந்தப் பின்னும் நிற்காது. ஸ்பானரை வெற்றிலைச் செல்லத்தில் வைத்திருங்கள்.